மூக்குக் குழாயும் காப்பாளர் பத்திரமும்

டிமென்ஷியா முற்றியவருக்குச் சாப்பாடு இறங்காமல் போகும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். ஊட்டிய கஞ்சி விழுங்கப்படாமல் கன்னத்தின் ஓரத்தில் தங்குகிறது. ஒருநாள் புரையேறுகிறது, காய்ச்சல் வருகிறது, ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போடுகிறார்கள். அது எதற்கென்று நோயாளிக்குப் புரியாது. உறுத்துவது மட்டும் தெரியும். பிடுங்கிப் போடுகிறார். மறுபடி போடுகிறார்கள். இரண்டாம் முறை பிடுங்கியதும் காஸ் துணியால் மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். இதற்கெல்லாம் சம்மதக் கையெழுத்துப் போட்டவர் மகனோ மருமகளோ, அன்றைக்கு வார்டில் யார் இருந்தாரோ அவர். அந்தக் கையெழுத்து செல்லுமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அதே மகன் அம்மாவின் வங்கிக் கணக்கிலிருந்து பத்தாயிரம் ரூபாய் எடுக்கப் போனால் மட்டும் எந்த அதிகாரத்தில் வந்தாய் என்று கேட்பார்கள். பணத்துக்கு இருக்கிற காவல் உடம்புக்கு இல்லை.

2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. இத்தனை பேர் இருந்தும், சுயமாக முடிவெடுக்க முடியாத நிலைக்கு வந்துவிட்ட பெரியவருக்கு முழுமையான காப்பாளரை நியமிக்க நேரான சட்டவழி கிடையாது. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் சிறார்களுக்கானது. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு போன்றவற்றோடு நின்றுவிடுகிறது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட ஒரு முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, வரம்புக்குட்பட்ட காப்பாளரை மட்டும் தருகிறது. 1987இன் மனநலச் சட்டத்தில் சொத்தை நிர்வகிக்க ஆள் நியமிக்க ஓர் அத்தியாயம் இருந்தது. 2017இல் வந்த புதிய சட்டம் அதைக் கைவிட்டது. பவர் பத்திரம் எழுதி வைத்திருக்கிறோமே என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்ததும் அந்த அதிகாரம் முடிந்துபோகும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். அதாவது, எந்த நாளுக்காக எழுதினார்களோ அந்த நாளில் பத்திரம் செத்துப்போகிறது.

மிச்சம் இருக்கும் வழி, அரசமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம். கோமாவில் இருப்பவர்களுக்குக் காப்பாளர் நியமிக்கக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் நெறிமுறைகள் வகுத்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, கோமாவில் கிடந்த ஒருவரின் மனைவியைக் காப்பாளராக நியமித்து, மருத்துவச் செலவுக்காக அவர் சொத்தை விற்க அனுமதித்தது. சிவில் கோர்ட்டுக்குப் போகும்படி சொல்லியிருந்த தனி நீதிபதியின் உத்தரவு மாற்றப்பட்டது. மனிதத்தன்மையுள்ள தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தைக் கோர்ட் படியேற வைத்தது எது என்று பாருங்கள்: சொத்து. காப்பாளர் என்ற ஏற்பாடே நம்மிடம் பத்திரப்பதிவு அலுவலகத்தை மனத்தில் வைத்து வளர்ந்தது. அதே உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கட்டிலருகே நிற்கும்போது, எந்த நிலத்தை விற்கலாம் என்று அது சொல்லும். எந்தக் குழாயை வேண்டாம் எனலாம் என்பதற்கு வழிகாட்டாது.

சட்டம் உடம்பைப் பற்றி யோசித்த இடமும் உண்டு. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமான சாவும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று சொல்லி, முன்கூட்டியே விருப்பத்தை எழுதிவைக்கும் ஆவணத்தை ஏற்றது. நடைமுறை ஏறக்குறைய சாத்தியமே இல்லாத அளவுக்குச் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பம் போதும்; நம்பிக்கையான ஒருவரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ பெயர் சொல்லிக் குறிக்கலாம்; சிகிச்சை தரும் டாக்டரும் இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழு, அதன் முடிவைச் சரிபார்க்க இரண்டாம் குழு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தக் காட்சி முழுக்க ஐ.சி.யூ.வில் நடக்கிறது. அங்கே ஒரு வென்டிலேட்டர் இருக்கிறது, அதை எடுப்பதா விடுவதா என்ற ஒரே ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. டிமென்ஷியாவின் சாவு அப்படி வருவதில்லை. நாலாவது நிமோனியாவுக்கும் ஆம்புலன்ஸ் கூப்பிடுவதா, மூக்கில் குழாய் போடுவதா, ரத்தம் எடுக்க நரம்பு தேடித் தேடி ஊசி குத்துவதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்று சின்னச் சின்னதாக வருகிறது, வருடக்கணக்கில். ஒவ்வொரு தடவையும் குழு கூட்ட முடியாது, கோர்ட்டுக்கும் போக முடியாது. அதனால் இங்கே தேவைப்படுவது கூடுதல் அதிகாரம் படைத்த காப்பாளர் இல்லை என்பதே என் வாதம். நோயாளி தன் வாயால் பேச முடிந்த காலத்தில் தானே பெயர் சொன்ன ஓர் ஆளும், அவரிடம் சொல்லிவைத்த நாலு வார்த்தையும்தான் தேவை.

இந்தச் சின்ன முடிவுகள் எவ்வளவு கனமானவை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் 22 முதியோர் பராமரிப்பு இல்லங்களில், டிமென்ஷியா முற்றிய 323 பேரை 18 மாதங்கள் கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தக் காலத்துக்குள் இறந்துவிட்டார்கள். சாப்பிடுவதில் சிரமம் நூற்றுக்கு 86 பேருக்கு வந்தது. இது சாகடிக்கும் நோய் என்பதையும் அடுத்து என்ன வரும் என்பதையும் புரிந்துகொண்டிருந்த உறவினர்கள் முடிவெடுத்த இடத்தில், கடைசி மூன்று மாதங்களில் ஆஸ்பத்திரி அலைச்சலும் குழாயும் ஊசியும் மிகக் குறைவாக இருந்தன. பத்திரம் யார் கையில் இருக்கிறது என்பதைவிட, முடிவெடுப்பவருக்கு நோயைப் பற்றி என்ன தெரியும் என்பதே கட்டிலில் கிடப்பவரின் கடைசி நாட்களைத் தீர்மானித்திருக்கிறது.

குழாய் போடாவிட்டால் பட்டினி போட்டுக் கொல்வதாகாதா? வயிற்றைப் பிசையும் கேள்வி. பசித்தவருக்குச் சோறு மறுப்பதைப் பாவமென்று நினைக்கும் ஊரில் இது வெறும் மருத்துவக் கேள்வி அல்ல. ஆனால் குழாய் உணவு முற்றிய டிமென்ஷியாவில் ஆயுளை நீட்டுவதாகவோ, புரையேறி வரும் நிமோனியாவைத் தடுப்பதாகவோ, படுக்கைப் புண்ணை ஆற்றுவதாகவோ நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் இந்த நிலையில் குழாய் வேண்டாம், கையால் கவனமாக ஊட்டுங்கள் என்றே பரிந்துரைத்தது. உடம்பு மூடிக்கொண்டு வருவதால்தான் சாப்பாடு குறைகிறது. சாப்பாடு குறைவதால் உடம்பு மூடுவதாக நாம் தலைகீழாகப் பார்க்கிறோம். கையால் ஊட்டுவது என்றால் நிமிர்த்தி உட்காரவைத்து, கெட்டியான கூழை அரை ஸ்பூன் வைத்து, தொண்டை அசைகிறதா என்று பார்த்து, அடுத்த அரை ஸ்பூன். வாயை மூடிக்கொண்டால் நிறுத்திவிட்டு, ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைப்பது. ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பல வீடுகளில் குழாய் போடப்படுவதற்கு உண்மையான காரணம் இந்த முக்கால் மணி நேரம் யாரிடமும் இல்லை என்பதுதான். அந்த வேலை வழக்கம்போல வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிதணிப்புச் சிகிச்சை வீடு தேடி வருவதும் சேர்ந்திருக்கிறது. ஊட்டும் கைக்கு ஓய்வு கொடுக்க மாற்று ஆள் வருவதுவரை அது வளர வேண்டும்.

சொத்துக்கு ஆசைப்பட்டுச் சீக்கிரம் அனுப்பிவைக்கப் பார்ப்பார்கள் என்ற அச்சம் இன்னொன்று. நியாயமான அச்சம். அதற்கு மருந்து காப்பாளரின் அதிகாரத்தைக் கூட்டுவதல்ல, இரண்டு வேலையையும் பிரிப்பது. இங்கிலாந்தில் 2005இன் மனத்திறன் சட்டம் சொத்துக்கு ஒரு பத்திரம், உடல்நலத்துக்கு வேறு பத்திரம் என்று வைத்திருக்கிறது. இரண்டிலும் வேறு வேறு ஆட்களைக் குறிக்கலாம். அதைவிடக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உயிர்காக்கும் சிகிச்சையை மறுக்கும் அதிகாரம் அங்கே கோர்ட் நியமித்த ஆளுக்குக் கிடையாது. நோயாளி தெளிவாக இருந்தபோது தானே தேர்ந்தெடுத்த ஆளுக்கு, அதையும் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டுமே, உண்டு. நீதிபதியின் முத்திரையைவிட அம்மாவின் வாய்ச்சொல்லுக்கு அந்தச் சட்டம் அதிக மதிப்புக் கொடுக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, முன்பு எழுதியவரும் இப்போது கட்டிலில் இருப்பவரும் ஒரே ஆள்தானா என்பது. யாரையும் அடையாளம் தெரியாவிட்டால் எனக்கு எந்த வைத்தியமும் வேண்டாம் என்று எழுதிய ஆசிரியை, இன்று பேத்தியின் பெயர் தெரியாமலே அவள் வைத்த மல்லிகையை முகர்ந்து சிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வந்த சாதாரண காய்ச்சலுக்கு மாத்திரை தராமலிருக்க அந்தக் காகிதம் காரணமாகக் கூடாது. இதை எந்த வாசகமும் முன்கூட்டியே தீர்த்துவைக்காது. ஆளைக் குறிப்பது காகிதத்தைவிட முக்கியம் என்பது இதனால்தான். தெரிந்த ஆளுக்கு அந்தச் சிரிப்புக்கும் அது நின்றுபோனதற்கும் வித்தியாசம் தெரியும்.

நோய் தெரிந்த உடனே இதையெல்லாம் பேசினால் மனசு உடைந்துபோவார்கள் என்று டாக்டர்களே தயங்குகிறார்கள். ஆனால் டிமென்ஷியாவில் பேசுவதற்கான காலம் முன்பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. வங்கிக் கணக்கைக் கூட்டிக் கழிக்க முடியாதவருக்கு, தன்னை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லத் தெரியும். சாவைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. உங்களுக்கு முடியாமல் போனால் யார் முடிவெடுக்கட்டும், ஆஸ்பத்திரியா வீடா, மூக்கில் குழாய் சரியா என்று கேட்டால் போதும். அந்தப் பதிலை அன்றைய தேதியோடு எழுதி, நோட்டரியிடம் சான்றொப்பம் வாங்கி, ஒரு நகலை உள்ளூராட்சி அலுவலகத்தில் கொடுக்கலாம். உச்ச நீதிமன்றம் சொன்ன முறையே அது. இன்னொரு நகல், ஆதார் அட்டையும் மாத்திரைச் சீட்டும் இருக்கிற அதே பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். அவசரத்தில் வீட்டார் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவது அதைத்தான்.