பனியில் ஓடும் டிராக்டர், தளர்ந்து போகும் செயின்: ஒரு சைடு இன்கமின் உண்மையான கணக்கு

சைடு இன்கம்னு பேச ஆரம்பிச்சாலே "மாசம் எவ்வளவு வரும்?" என்பதுதான் முதல் கேள்வி. அந்த வருமானம் எந்தக் கொக்கியில தொங்குதுன்னு யாரும் கேட்கிறதில்லை. இன்னைக்கு அதைப் புரிஞ்சுக்க, நம்ம ஊர்ல பார்க்கவே முடியாத ஒரு தொழிலை எடுத்துக்கலாம்.

இடம்: அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரம், பஃபலோ நகரமும் அதைச் சுத்தி இருக்கிற ஊர்களும். தொழில்: குளிர்காலத்தில் டிராக்டரை வச்சு வீட்டு வாசல் பனியைத் தள்ளுறது. அங்கே வீட்டு கராஜிலிருந்து தெரு வரைக்கும் கார் போற பாதையை டிரைவ்வேன்னு சொல்வாங்க. ராத்திரி பனி கொட்டினா, காலையில அதைத் தள்ளாம காரை வெளியே எடுக்க முடியாது. பகல்ல வேற வேலை பார்க்கிறவங்களும் அதிகாலை 3, 4 மணிக்கு எழுந்து நாலஞ்சு வீட்டு வாசலைத் தள்ளிட்டு ஆபீஸ் போறது அங்கே சகஜம். மாசச் சம்பளம் வாங்குற நமக்கு இது ரொம்பப் பரிச்சயமான வாழ்க்கைதான், குளிர் மட்டும்தான் புதுசு.

அங்கே எவ்வளவு பனி?

பஃபலோ ஈரி ஏரிக்கரையில் இருக்கு. குளிர்ந்த காற்று உறையாத ஏரி மேல வரும்போது ஈரத்தை அள்ளிக்கிட்டு வந்து, கரையில பனியா கொட்டும். சராசரியா ஒரு குளிர்காலத்துக்கு சுமார் 95 அங்குலம். 2022 நவம்பரில் பஃபலோவுக்குத் தெற்கே இருக்கிற ஆர்ச்சர்ட் பார்க்கில் சில நாளிலேயே சுமார் 80 அங்குலம் கொட்டுச்சு. அந்த ஊர் ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய பஃபலோ பில்ஸ் அணியின் ஃபுட்பால் மேட்சை டெட்ராய்ட் நகரத்துக்கே மாத்திட்டாங்க.

இன்னொரு பக்கம், 2011-12 குளிர்காலம் முழுசுக்கும் பஃபலோவில் 40 அங்குலம்கூட விழலை. ஒரே ஊர், ஒரே தொழில், வருமானம் மட்டும் வானத்தின் கையில். இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

டிராக்டருக்குச் செயின் எதுக்கு?

ரப்பர் டயர் பனிக்கட்டி மேல வழுக்கும். டிராக்டர் எவ்வளவு கனமா இருந்தாலும், முன்னாடி பிளேடு பனியைத் தள்ளும்போது பின் சக்கரம் ஒரே இடத்துல சுத்தும். இன்னொரு முக்கியமான விஷயம், பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்தில்தான் இருக்கு. சரிவான வாசலில் பின் டயருக்குப் பிடிப்பு இல்லைன்னா தள்ளவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. அதனாலதான் பின் டயர்களைச் சுத்தி இரும்புச் செயின் மாட்டுறாங்க.

செயினிலும் ரகம் இருக்கு. ஏணி மாதிரி குறுக்குச் சங்கிலி மட்டும் இருக்கிறது விலை கம்மி. ஆனா வயல் டயரில் உயரமான ரப்பர் கட்டைகள் இருக்கும் இல்லையா, அந்தக் கட்டைகளுக்கு நடுவுல குறுக்குச் சங்கிலி போய் விழுந்துட்டா தரையைத் தொடாது, காசு வேஸ்ட். அந்த டயருக்கு டைமண்ட் வடிவத்தில் பின்னின செயின்தான் சரி. "விலை கம்மியா இருக்கு"ன்னு பார்த்து வாங்கினா, மாட்டியும் மாட்டாத மாதிரிதான். நம்ம டயருக்கு எது பொருந்தும்னு பார்க்காம வாங்கின எந்தப் பொருளுக்கும் இதே கதிதான்.

செயின் எப்படிக் கழலுது?

செயின்னா படார்னு அறுந்து விழும்னு நினைப்போம். பெரும்பாலும் அப்படி நடக்கிறதில்லை. முதல்ல தளரும், அப்புறம் ஒரு பக்கமா நகரும், கடைசியாதான் கழலும். காரணங்கள் இவைதான்:

முதலாவது, மாட்டின உடனே செயின் டயர் மேல சரியா உட்கார்ந்திருக்காது. சக்கரம் சில சுத்து சுத்தின பிறகுதான் அது தன் இடத்துக்கு வரும். அப்போ புதுசா ஒரு தளர்வு வெளியே தெரியும். அதனால கொஞ்ச தூரம் ஓட்டிட்டு, இறங்கி, மறுபடியும் இறுக்கணும். இதைத்தான் நிறையப் பேர் தவிர்ப்பாங்க. மைனஸ் பத்து டிகிரி குளிரில் யாருக்கு இறங்க மனசு வரும்?

இரண்டாவது, உள்பக்கம். செயினை முதல்ல டயரின் உள்பக்கத்துல கொக்கி போட்டு, அப்புறம் வெளிப்பக்கத்துல மாட்டுவாங்க. வெளிப்பக்கம் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். உள்பக்கத்துக்குத் தரையில படுத்துத்தான் கை விடணும். உள்ளே தளர்வா விட்டுட்டு வெளியே மட்டும் இறுக்கினா, செயின் மொத்தமா வெளிப்பக்கம் இழுபட்டு நடுவிலிருந்து விலகிடும். அப்புறம் ஒரு திருப்பத்துல கழன்டு விழும்.

மூன்றாவது, டயர் காற்று. குளிர் கூடக்கூட டயருக்குள்ள காற்றழுத்தம் குறையும். அக்டோபர்ல சரியா இருந்த டயர் ஜனவரில கொஞ்சம் தொய்வாதான் இருக்கும், செயினும் அதோட சேர்ந்து தளரும்.

நாலாவது, சக்கரத்தை வீணா சுத்த விடுறது. மாட்டிக்கிட்டோம்னு பதற்றத்துல ஆக்சிலரேட்டரை அழுத்தினா, செயினுக்குள்ளேயே டயர் சுழல ஆரம்பிச்சிடும். பனி இல்லாத வெறும் தார் மேல வேகமா ஓட்டினாலும் செயின் சீக்கிரம் தேயும்.

கழன்ட செயின் சும்மா கீழே விழுந்தா பரவாயில்லை. சுழலுற வேகத்துல அது மட்கார்டை அடிக்கும், காற்று வால்வைப் பிடுங்கும், ஹைட்ராலிக் ஹோஸைக் கிழிக்கும், இல்லைன்னா ஆக்ஸிலைச் சுத்திக்கும். அந்த ராத்திரி வேலை அதோட முடிஞ்சது.

இப்போ பணக் கணக்கு

ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் எல்லாம் கணக்குக்காக நாம வச்சுக்கிட்டவை.

ஒருத்தருக்கு 12 வீடு. ஒரு தடவை தள்ள வீட்டுக்கு 45 டாலர். ஒரு பனி ராத்திரிக்கு 540 டாலர். மூணு வீடு முடிச்சு, நாலாவது வீட்டுல செயின் கழலுது, ஹைட்ராலிக் ஹோஸ் கிழியுது.

• தள்ள முடியாத 9 வீடு: 405 டாலர் இழப்பு
• ஹோஸ், ஆயில், மெக்கானிக் கூலி: 250 டாலர்
• காலையில ஆபீஸ் போக முடியாம கோபப்பட்டு, 2 வீட்டுக்காரங்க வேற ஆளைப் பிடிச்சுடுறாங்க. மீதி சீசனில் இன்னும் 15 தடவை பனி விழுந்தா: 1,350 டாலர்

மொத்தம் 2,005 டாலர். இதுல நிஜமான ரிப்பேர் பில் 250தான். மிச்சம் எல்லாம் பில்லே வராத நஷ்டம். நாம பொதுவா பில் வந்த செலவை மட்டும்தான் எழுதி வைப்போம் இல்லையா?

இப்போ மறுபக்கம். ஒவ்வொரு ராத்திரியும் இறங்கி ரெண்டு செயினையும் பார்த்து இறுக்க 10 நிமிஷம். சீசனுக்கு 20 ராத்திரின்னா 200 நிமிஷம், அதாவது மூணே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. சீசனில் ஒரே ஒரு தடவை மேலே சொன்னது நடக்காம தடுத்திருந்தாலே, அந்த நேரத்துக்கு மணிக்கு சுமார் 600 டாலர் சம்பளம் கிடைச்ச மாதிரி. அந்தத் தொழில்லேயே அதிகச் சம்பளம் தர்ற வேலை, தரையில படுத்து உள்பக்கக் கொக்கியைத் தொட்டுப் பார்க்கிறதுதான்!

ஒப்பிட இன்னொரு எண். 2024 ஜனவரியில் அதே ஆர்ச்சர்ட் பார்க் ஸ்டேடியத்தில் பனி அள்ள ஆள் கூப்பிட்டப்போ, மணிக்கு 20 டாலர் கொடுத்தாங்க, சாப்பாடும் உண்டு. டிராக்டர் வேண்டாம், செயின் வேண்டாம், இஎம்ஐ வேண்டாம். எந்த சைடு பிசினஸுக்கும் மிஷின் வாங்குறதுக்கு முன்னாடி, "முதல் போடாம இதே நேரத்துக்கு எவ்வளவு கிடைக்கும்?"னு கேட்டுக்கணும். உங்க மிஷின் தர்ற வருமானம், தேய்மானம், ரிப்பேர், வட்டி போக அதை விடக் கூடுதலா இருந்தாதான் அது லாபம்.

ஒப்பந்தத்திலும் ஒரு செயின் இருக்கு

பனி தள்ளுறதுக்கு ரெண்டு விதமா காசு வாங்குவாங்க. ஒண்ணு, தள்ளுற ஒவ்வொரு தடவைக்கும். இன்னொண்ணு, சீசன் முழுசுக்கும் ஒரே தொகை. 2011-12 மாதிரி பனி குறைவான வருஷத்துல, தடவைக்கு வாங்குறவருக்கு டிராக்டர் இஎம்ஐ கட்டவே திண்டாட்டம். சீசன் தொகை வாங்கினவர் நிம்மதியா தூங்குவார். 2022 நவம்பர் மாதிரி வந்தா தலைகீழ். சீசன் தொகைக்காரர் ஒரே காசுக்குத் திரும்பத் திரும்பப் போய்த் தள்ளணும், டீசலும் செயினும் அவர் கணக்குலதான் தேயும். பாதி வீடு சீசன் தொகை, பாதி வீடு தடவைக் காசுன்னு கலந்து வச்சிருந்தா, எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் தாங்கும். நாம எஃப்டி, ஃபண்டுன்னு பிரிச்சு வைக்கிற அதே லாஜிக்தான்.

இன்னும் ரெண்டு மறைமுகச் செலவு. காசு வாங்கிட்டுப் பனி தள்ளுறப்போ ஏற்படும் சேதத்துக்கு, பொதுவா சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது, தனியா பிசினஸ் பாலிசி வேணும். செயின் இரும்பு அடுத்தவர் வாசல் கல்லைக் கீறிட்டா யார் கொடுப்பாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அடுத்து வரி. அமெரிக்காவில் சொந்தத் தொழில் லாபத்துக்கு வருமான வரி போக 15.3 சதவீத செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸ் தனியா உண்டு. கையில வந்த 540 முழுசா நம்ம காசு இல்லை.

ஆன்சைட்ல இருக்கிற நம்ம நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: எச்-1பி விசாவில் இருக்கிறவங்க, ஸ்பான்சர் செஞ்ச கம்பெனி வேலையைத் தவிர இந்த மாதிரி காசுக்கு வேலை செய்யக் கூடாது. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு உதவியா தள்ளிக் கொடுக்கிறது வேற, வாசலுக்கு 45 டாலர்னு வாங்குறது வேற. அந்தச் சில நூறு டாலருக்காக விசாவையே பணயம் வைக்காதீங்க.

நம்ம பர்ஸுக்கு இதுல என்ன இருக்கு?

"அதான் மாட்டியாச்சே"ன்னு விடுற எல்லாமே தளரும். எஸ்ஐபி ஆரம்பிச்சாச்சு, பாலிசி எடுத்தாச்சு, பட்ஜெட் போட்டாச்சுன்னு நிம்மதியா இருக்கோம். செயின் மாதிரியே, அது உட்கார்ந்த பிறகு ஒரு தடவை இறங்கிப் பார்த்து இறுக்கணும்.

1. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு இறுக்குங்க. புது இஎம்ஐ, புது வாடகை, புது வேலை எதுவா இருந்தாலும், மூணு மாசம் கழிச்சு பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, போட்ட பட்ஜெட்டோட ஒப்பிடுங்க.

2. உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள்தான் முதல்ல தளரும். கல்யாணம் ஆகியும் பிஎஃப்ல நாமினி மாத்தாம இருக்கிறது, ஆபீஸ் ஹெல்த் இன்ஷூரன்ஸை மட்டும் நம்பி இருக்கிறது, வரி டிக்ளரேஷனைக் கண்டுக்காம விட்டு டீஃபால்ட்டா புது வரி முறைக்குப் போயிடறது.

3. குளிர் வர்றதுக்கு முன்னாடி காற்று பாருங்க. சம்பளம் ஏறியும் எஸ்ஐபி அதே தொகையில நின்னா, விலைவாசியில அது தானா தளர்ந்துக்கிட்டே இருக்கு.

4. மாட்டிக்கிட்டா ஆக்சிலரேட்டரை அழுத்தாதீங்க. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குறது, சுத்துற சக்கரத்தை இன்னும் வேகமா சுத்த விடுற மாதிரி. முதல்ல நிறுத்துங்க, பின்னாடி எடுங்க, வழியைப் பாருங்க.

எதையும் புதுசா வாங்கச் சொல்லலை. இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி, மேலே சொன்ன நாலுல ஒண்ணை மட்டும் தொட்டுப் பாருங்க. 540 டாலர் கணக்கை வரி வரி எண்ணாப் போட்டு இந்த வார வீடியோவில் காட்டியிருக்கோம். உங்க சைடு இன்கம் எண்களை அதே வரிசையில போட்டு, உங்களோட நிஜ லாபம் எவ்வளவுன்னு பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!