நோயினும் கொடிது பழி

அடைக்கலம் அளித்தலைத் தலையாய அறமாகப் போற்றியது தமிழ் மரபு. சிலப்பதிகாரத்தில், கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதி ‘அடைக்கலக் காதை’ என்றே பெயர் பெற்றுள்ளது. புகலிடம் தேடி வருவோர் நோயுற்றவராகவும் இருப்பின், அவ்வறம் எத்தகைய சோதனைக்கு உள்ளாகும்? எச்.ஐ.வி. தொற்றுடன் அயல்மண்ணில் வாழ நேர்ந்த ஹைத்தி நாட்டு மக்களின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

பழி சுமந்த மக்கள்

கரீபியக் கடல் நாடான ஹைத்தியிலிருந்து வறுமையாலும் கொடுங்கோன்மையாலும் துரத்தப்பட்ட பலர் அமெரிக்காவில் குடியேறினர். 1983இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், எய்ட்ஸ் நோய் தாக்கும் வாய்ப்பு மிகுந்த பிரிவினருள் ஹைத்தியரையும் சேர்த்தது. ஒருவரது உடல்நிலையைக் கருதாமல், பிறந்த நாட்டையே நோயின் அடையாளமாக்கிய செயல் இது. இதனால் பலர் வேலை இழந்தனர்; குடியிருந்த வீட்டையும் இழந்தனர். 1985இல் அப்பட்டியலிலிருந்து அவர்கள் நீக்கப்பட்டனர், பழியோ நீங்கவில்லை. 1990இல் ஹைத்தியர் இரத்த தானம் செய்யலாகாது என அரசு தடுத்தபோது, பல்லாயிரவர் நியூயார்க் நகரின் புரூக்ளின் பாலத்தைக் கடந்து பேரணி நடத்தினர். அவ்வாண்டின் இறுதியில் அத்தடை கைவிடப்பட்டது. தனித்தனியே தலைகுனிந்து நின்றோர், ஒன்றுகூடி நிமிர்ந்ததன் பயன் இது.

முள்வேலிக்குள் வாழ்வு

1991 செப்டம்பரில் ஹைத்தியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. படகேறித் தப்பியோரை அமெரிக்கக் கடலோரக் காவற்படை இடைமறித்து, கியூபாவிலுள்ள குவாண்டானமோ கடற்படைத் தளத்திற்குக் கொண்டு சென்றது. விசாரணையில், புகலிடம் கோரத் தக்கவர் என ஏற்கப்பட்டோர்க்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்பட்டது. தொற்றுடையோரும் அவர்தம் குடும்பத்தினருமாக 200க்கும் மேற்பட்டோர் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர். தாயகம் திரும்பினால் உயிருக்கு அச்சம். அமெரிக்காவினுள் நுழையவோ, தொற்றுடைய அயல்நாட்டினர்க்கு 1987 முதல் தடை. குற்றமேதும் செய்யாத அவர்களுக்கு விடுதலை நாள் என்று ஒன்று குறிக்கப்படவே இல்லை. நோய் முற்றியவர்களை வெளியே கொண்டு செல்ல வேண்டும் என்று இராணுவ மருத்துவர்களே கேட்டும் குடியேற்றத் துறை இணங்கவில்லை.

அவர்கள் தமக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து ஒன்றுபட்டனர். 1993 சனவரியில் உண்ணாநிலைப் போராட்டம் தொடங்கினர். யேல் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்களும் ஆசிரியர்களும் அவர்களுக்காக வழக்காடினர். மாணவர் பலர் தாமும் உண்ணாநோன்பிருந்து துணைநின்றனர். 1993 சூன் 8ஆம் நாள் நீதிபதி ஸ்டெர்லிங் ஜான்சன் அவர்களை விடுவிக்க ஆணையிட்டார். எனினும், அதே மாதத்தில் அந்த நுழைவுத் தடை நாடாளுமன்றச் சட்டமாகவே ஆக்கப்பட்டது. அது முற்றிலும் விலக 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நமக்குரிய கடமை

1996க்குப் பின் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியதால் எச்.ஐ.வி. இன்று கட்டுப்படுத்தக்கூடிய நோயாகிவிட்டது. மருந்தை நாள்தோறும் தவறாது உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பிறருக்குப் பரவுவதில்லை. ஆனால் புலம்பெயர்ந்தோர்க்கு மருந்து மட்டும் போதாது. மொழி அறியாத ஊர், உறுதியற்ற குடியுரிமைத் தாள்கள், செய்தி வெளிப்பட்டால் வேலை போகுமோ என்னும் அச்சம் ஆகியவை அவர்களை மருத்துவமனை வாயிலிலேயே தடுத்து நிறுத்துகின்றன.

இது எங்கோ நிகழ்ந்த கதை எனக் கருதிவிட வேண்டா. நம் ஊர்களிலிருந்து பலர் பிழைப்புத் தேடிச் செல்லும் வளைகுடா நாடுகளில் எச்.ஐ.வி. பரிசோதனை இன்றும் கட்டாயமாக உள்ளது. தொற்று கண்டறியப்படுவோர் திருப்பி அனுப்பப்படுகின்றனர். பிழைப்பும் இழந்து நோயும் சுமந்து ஊர் திரும்பும் ஒருவரிடம், ‘இது எப்படி வந்தது?’ என வினவுவதா, ‘மருந்து உண்டீரா?’ என வினவுவதா? அரசு மருத்துவமனைகளின் ஏ.ஆர்.டி. மையங்களில் மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. அங்கு அவருடன் துணைக்குச் செல்லும் ஒருவரை அளிப்பது சுற்றத்தின் கடமை. அவர்தம் செய்தியைப் பிறரறியாது காப்பதும் அக்கடமையில் அடங்கும். தம் சொந்த ஊரிலேயே அடைக்கலம் தேட வேண்டிய நிலை எவர்க்கும் வாராதிருக்க, மாணவச் செல்வங்களும் சமுதாயப் பெரியோர்களும் முன்வர வேண்டும்.