தெலுங்கில் தொடங்கலாம்

1953இல் சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்துக்குப் போன திருத்தணி, ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, தெலுங்கு ஊரைவிட்டுப் போகவில்லை. நகரி, புத்தூர் பேருந்துகளிலும் கேட்கும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் கூட்டத்திலும் கேட்கும்.

ஓடிடியில் வேற்றுப் பண்பாட்டுப் படங்களைப் பார்க்கப் பழக நினைக்கும் திருத்தணிக்காரர்களுக்கு இது பெரிய வசதி. எடுத்த எடுப்பில் கொரியாவுக்குப் போக வேண்டாம். காதுக்குப் பழகிய தெலுங்கில் தொடங்கலாம். 2020இல் தெலுங்குக்கென்றே வந்த ஆஹா, 2022இல் தமிழிலும் தொடங்கியது. ஈடிவி வின் தெலுங்குக்கானது. சன் நெக்ஸ்டில் தென்னக மொழிகள் நான்கும் உண்டு. பணம் கட்டுமுன், அந்தச் சந்தாவில் எந்தெந்த மொழி அடங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் மொழிக்கு மொழி சந்தா தனி.

படம் ஓடும்போது திரையைத் தொட்டால் ஆடியோ, சப்டைட்டில் பொத்தான் தெரியும். குரலை மூலமொழிக்கு மாற்றுங்கள். எழுத்தை உங்களுக்குப் படிக்க வரும் மொழியில் வையுங்கள். நடிகரின் சொந்தக் குரலைக் கேட்காமல் அவர் நடிப்பைப் பாதிதான் பார்க்கிறோம் என்பது என் கட்சி. சிக்கல் என்னவென்றால், தமிழ் எழுத்து எல்லாப் படத்துக்கும் கிடைப்பதில்லை. பல நேரம் ஆங்கிலம்தான். தமிழில் டப்பிங் செய்த படத்துக்குத் தமிழ் வசனம் எப்படியும் எழுதியிருப்பார்கள். அதையே கொஞ்சம் சுருக்கித் திரையில் போடுவதற்கு என்ன தடையோ!

ஆங்கிலம் ஓடும் வேகத்துக்குப் படிக்க முடியாதவர்கள் ஒரு காட்சியைத் தமிழ்க் குரலில் பார்த்துவிட்டு, அதையே மூலக்குரலில் மறுபடி பார்க்கலாம். கொரியத் தொடர் ‘ஸ்குவிட் கேம்’ இரண்டாம் பருவம் (2024) தமிழ், தெலுங்குக் குரல்களோடும் வந்தது. அதுபோன்ற தொடர்களில் இந்த வழி நன்றாகவே உதவும்.

நீங்கள் பார்ப்பதை வைத்துத்தான் செயலி அடுத்ததைப் பரிந்துரைக்கும். வீட்டில் எல்லோரும் ஒரே புரொஃபைலில் பார்த்தால் பரிந்துரை குழம்பிவிடும். அயல்மொழிக்கென்று ஒரு புரொஃபைலைத் தனியாகத் திறந்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் தனியாக வேண்டும். 2021 விதிகளின்படி ஒவ்வொரு படைப்புக்கும் வயதுக் குறி உண்டு. யு/ஏ 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டும் உண்டு. பூட்டைப் போடுவது நம் வேலை.

கடைசியாகப் பணம். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். யுபிஐயில் ஆட்டோபே கொடுத்திருந்தால் பிடித்தம் தொடரும். பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தகவல் வந்த அன்றே யுபிஐ செயலிக்குள் போய், வேண்டாத ஆட்டோபேயை ரத்து செய்துவிடுங்கள்.