சாவக்காட்டுப் பெயரில் ஒரு குட்டைத் தெங்கு

ஆரியங்கோட்டிலிருந்து பாறசாலைக்கு எந்த வழியில் போனாலும் தெங்கை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். நடுநடுவே சில வீட்டு முற்றங்களில் மட்டும், நின்றபடியே கையெட்டிப் பறிக்கும் உயரத்தில், பொன்னிறக் குலைகளோடு ஒரு மரம் நிற்கும். மலையாளத்தில் செந்தெங்கு, தமிழில் செவ்விளநீர். நாற்றுப்பண்ணைக்காரர் மட்டும் இதைச் ‘சௌகாட் ஆரஞ்சு குட்டை’ என்பார்.

சௌகாட் என்பது வெள்ளைக்காரர் வாயில் சிதைந்த சாவக்காடு. திருச்சூர் மாவட்டத்துக் கடலோர ஊர். ஒரு செடிக்கு அது கண்ணில் பட்ட இடத்தின் பெயரையே வைத்துவிடுவது உலகெங்கும் உண்டு. 1904-ல் கனடாவின் ஆல்பர்ட்டாவில், லாகன் என்ற இடத்தருகே, அமெரிக்காவின் ஆர்னால்டு தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ரேடர், ஜாக் என்ற இருவர் கூம்பு வடிவக் குட்டை ஊசியிலை மரம் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். இன்று தோட்டங்களில் அது குட்டை ஆல்பர்ட்டா ஸ்புரூஸ். அதற்குப் பிறந்த ஊரும் ஆல்பர்ட்டாதான். நம் குட்டைக்கு அப்படியில்லை. 2011-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று உலகத் தென்னைகளைப் பசிபிக், இந்திய-அட்லாண்டிக் என இரு பெருங்குடும்பங்களாகப் பிரித்தது. குட்டை ரகங்கள் பசிபிக் பக்கம் போய்ச் சேர்ந்தன. ஆக, சாவக்காடு இதற்குப் புகுந்த வீடு.

ஸ்புரூஸைக் கிளை நறுக்கி வேர்பிடிக்க வைத்தே பெருக்கலாம், பெரும்பாலும் குணம் மாறாது. தென்னையில் கிளையே கிடையாது, தேங்காயைத்தான் நட வேண்டும். நெட்டை மரத்தில் ஆண்பூக்கள் உதிர்ந்து முடிந்த பிறகே பெண்பூ பக்குவப்படும். அதனால் மகரந்தம் அயல் மரத்திலிருந்து வரும், பிள்ளையும் தாயைப் போலவே இருக்காது. குட்டையில் இரண்டும் ஒரே காலத்தில் பக்குவமாவதால் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். கன்றின் மட்டைக்காம்பு ஆரஞ்சாக இருந்தால் தாயின் அச்சு. பழுப்போ பச்சையோ கலந்திருந்தால் நெட்டை புகுந்திருக்கிறது. தாயாகக் குட்டையை வைத்துக் கலப்பினம் எடுப்பவர்களுக்கு வேண்டியது இந்தக் கலந்த கன்றுதான். ஆரஞ்சுக் கன்றைக் கழித்துவிடுவார்கள். இப்படி மேற்குக் கடற்கரை நெட்டையோடு சேர்த்துக் காசர்கோட்டு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் 1985-ல் வெளியிட்டது சந்திரசங்கரா. ஆரஞ்சுக் குட்டையை அது 1991-ல் இளநீர் ரகமாகவும் பரிந்துரைத்தது. ஓர் இளநீரில் சுமார் 350 மில்லி இருக்கும், நல்ல இனிப்பு.

குட்டைத் தெங்குக்கு மலையாளத்தில் ‘பதினெட்டாம்பட்ட’ என்றும் பெயருண்டு. பட்ட என்றால் மட்டை. பதினெட்டாம் மட்டையிலேயே பாளை வந்துவிடுமாம். நெட்டை ஆறேழு வருடம் காக்க வைக்கும் இடத்தில் இது மூன்று நான்கு வருடத்தில் காய்ப்பதை ஒரே சொல்லில் சொல்லிவிட்ட பெயர். எனக்குச் சௌகாட்டைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

எண்ணெய்க்கு ஆசைப்பட்டு மட்டும் இதை நடாதீர்கள். கொப்பரை தோல்போலத் துவண்டிருக்கும். வண்டுக்கும் வறட்சிக்கும் சீக்கிரம் அசந்துவிடும். ஆட்டுகிற தேங்காய்க்கு இன்னும் அந்த அண்ணாந்து பார்க்கிற மரம்தான்.