மலைகளுக்கு இருபுறமும் ஒரே லேன்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறையும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், குமுளி ஆகியவையும் தமிழ் வழங்கும் எல்லைப்புற ஊர்களாகும். முதலாவது சமவெளியில் உள்ளது. பின்னவை இரண்டும் மலைமேல் உள்ளன. இம்மூன்றிடத்தும் ஓர் இலாகாவுக்கு அலுவலகங்கள் உள்ளனவென்று கொள்க. அங்குள்ள கணினிகள் யாவும் ஒரே கூடத்தில் இருப்பனபோல் இயங்கவேண்டுமாயின், அதற்கு உதவுவது வி.பி.எல்.எஸ். என்னும் சேவை. பி.எஸ்.என்.எல். நிறுவனம் தன் எம்.பி.எல்.எஸ். வலையமைப்பின்மீது இதனை வழங்குகிறது.

இதன் இயக்கம் தபால் பைக்குள் மற்றொரு பை வைப்பதை ஒக்கும். அலுவலகத்திலிருந்து வரும் ஈதர்நெட் சட்டகத்தின்மீது சேவை நிறுவனத்தின் விளிம்பு ரூட்டர் இரு சீட்டுகளை இடுகிறது. வெளிச்சீட்டு சேரவேண்டிய ரூட்டரைக் காட்டும். உட்சீட்டு எந்த வாடிக்கையாளருக்குரியது என்பதைக் காட்டும். இடைவழி ரூட்டர்கள் வெளிச்சீட்டை மட்டுமே படிக்கும். இவ்வாறு இரு விளிம்பு ரூட்டர்களுக்கிடையே அமையும் வழியைப் போலிக்கம்பி எனலாம்.

இதற்கான நெறிகள் இரண்டு 2007 ஜனவரியில் வெளியாயின. ஆர்.எப்.சி. 4761 பி.ஜி.பி. முறையைக் கையாள்கிறது, அதில் ரூட்டர்கள் ஒன்றையொன்று தாமே கண்டறியும். ஆர்.எப்.சி. 4762 எல்.டி.பி. முறையைக் கையாள்கிறது, இதில் எதிர்முனை ரூட்டர்களின் முகவரிகளைப் பெரும்பாலும் பொறியாளரே எழுதுகிறார். பிழை நுழைவது பெரிதும் இங்கேதான்.

ஒவ்வொரு ரூட்டரும் மற்றெல்லா ரூட்டருடனும் நேரே இணைதல் வேண்டும். மூன்று ரூட்டர்களுக்குப் போலிக்கம்பிகள் 3, பத்துக்கு 45. ஒரு போலிக்கம்பி வழியே வந்த சட்டகத்தை ரூட்டர் மற்றொரு போலிக்கம்பியில் செலுத்தாது. செலுத்தினால் அது முடிவின்றிச் சுழலக்கூடும். சுற்றுகளை எண்ணி நிறுத்தும் ஏற்பாடு ஈதர்நெட்டில் இல்லை. ஆகவே தேவிகுளம்–குமுளி இணைப்பை எழுத மறந்தால் விந்தையான நிலை தோன்றும். இரண்டும் கொழிஞ்சாம்பாறையுடன் பேசும், தம்முள் பேசா. மழைக்காலத்தில் மலைப்பாதையில் கேபிள் அறுவது புதிதன்று என்பதால் ஊழியர் கேபிளையே ஐயுற்று மலையேறுவர். கேபிளிலோ குறையிராது.

மலையேறுமுன் ஒவ்வொரு ரூட்டரிலும் இயங்கும் போலிக்கம்பிகளை எண்ணிப் பார்த்தல் நலம். அவ்வெண்ணிக்கை, ரூட்டர்களின் தொகையினும் ஒன்றே குறைவாக இருத்தல் வேண்டும். குறைந்திருப்பின், இருமுனைகளிலும் சேவை எண் ஒன்றாக உள்ளதா, எம்.டி.யூ. அளவு ஒன்றாக உள்ளதா என ஒப்பிடுக. எல்.டி.பி. முறையில் இவை மாறுபட்டால் போலிக்கம்பி எழாது.

எண்ணிக்கை சரியாயிருந்தும் சிறு செய்திகள் மட்டும் சென்று பெருங்கோப்புகள் நின்றுவிடுவதுண்டு. அப்போது இடைவழியின் கொள்ளளவை நோக்குக. 1500 பைட் பொதிக்கு ஈதர்நெட் தலைப்பு 14, இரு சீட்டுகள் 8 எனக் கூட்டின், இடைவழி 1522 பைட்டாவது சுமக்கவேண்டும், வி.லேன் குறியும் உடன்சென்றால் 1526.