கையடக்கம்

ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்கும் மாட்டுச் சந்தைக்கும் போய் வந்தவர்கள், அங்கே தரகர்கள் துண்டைப் போட்டு விலை பேசுவதைக் கண்டிருப்பார்கள். இருவருடைய கைகளும் ஒரு துண்டின் கீழ் மறைந்திருக்க, விரல்கள் விரல்களைப் பற்றி ஆயிரங்களையும் நூறுகளையும் சொல்லிக்கொண்டிருக்க, சுற்றி நிற்பவர்களுக்கு இரண்டு முகங்களைத் தவிர வேறொன்றும் புலப்படாமலே வியாபாரம் முடிந்துவிடும். ஏதோ ரகசியம் நடக்கிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இன்னது என்பதுதான் தெரியாது. அதே சந்தையில் நாலு எட்டுத் தள்ளி, சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒரு சீட்டு வித்தைக்காரரைச் சிறு வயதில் நான் கண்டேன். அவர் கைகளை மூடத் துண்டு இல்லை. சட்டைக் கையையும் முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டிருந்தார். நண்பகல் வெயிலில், முப்பது நாற்பது பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, அவரும் ஒரு ரகசியத்தை நடத்தி முடித்தார். ஆனால் அங்கே ஏதோ நடக்கிறது என்பதே ஒருவருக்கும் தெரியவில்லை. துண்டுக்குள் மறைக்கும் சாமர்த்தியத்துக்கும், வெட்டவெளியில் மறைக்கும் சாமர்த்தியத்துக்கும் உள்ள இந்த வித்தியாசமே சீட்டு வித்தையின் சாரம்.

இக்கலைக்கு நம்மவர் வழங்கிய பழைய பெயர் செப்படி வித்தை என்பது. செப்பு என்னும் சிறு கிண்ணங்களைக் கவிழ்த்து, அவற்றின் அடியில் பந்துகளைத் தோன்றவும் மறையவும் செய்கிற வித்தையின் பெயரே, நாளடைவில் எல்லாக் கைத்தந்திரங்களுக்கும் பொதுப்பெயர் ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடல் கடந்து சென்று லண்டன் மேடைகளில் இவ்வித்தையைக் காட்டிப் புகழ்பெற்று, 1850இல் அந்நகரிலேயே வறுமையில் காலமான ராமோ சாமி என்பவருடைய பெயரில், நம் ராமசாமியின் ஒலியை இன்றும் கேட்கலாம். ஆங்கிலக் கட்டுரையாசிரியர் ஹாஸ்லிட், நான்கு பித்தளைப் பந்துகளை ஓயாமல் சுழற்றும் இந்திய வித்தைக்காரரைக் கண்டு வியந்து, மனிதக் கை அடையக்கூடிய பூரணத்துவத்தைப் பற்றி 1821இல் ஒரு கட்டுரையே வெளியிட்டார். கொங்கு நாட்டை அடுத்த கேரளத்திலோ, செப்பும் பந்தும் ஆடுவதில் நிகரற்றவராக விளங்கிய வாழக்குன்னம் நம்பூதிரியின் பெயரை முதியோர் இன்னும் மறக்கவில்லை. அந்நாட்டார் இத்திறமையைக் கையடக்கம் என்கிறார்கள். கையின் வேகத்தைச் சொல்லாமல் அதன் அடக்கத்தைச் சொல்வதால், இந்தப் பெயரே எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

சீட்டும் நமக்குப் புதியதன்று. அந்தியூரிலிருந்து பர்கூர் மலையேறிக் கொள்ளேகாலம் வழியாகச் சென்றால் எட்டக்கூடிய மைசூரில், மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், கையால் வண்ணம் தீட்டிய கஞ்சீபா என்னும் சீட்டுகளைக் கொண்டு பலவகை ஆட்டங்கள் வகுக்கப்பட்டிருந்தன. ஆயினும் இன்றைய வித்தைக்காரர் கையிலுள்ளது மேனாட்டிலிருந்து வந்த 52 சீட்டுக் கட்டுதான். அதன் அமைப்பைச் சற்றுக் கவனிக்கவேண்டும். ஒரு சீட்டின் கனம் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், கட்டு முழுவதும் சேர்ந்தாலும் விரல் பருமனுக்கு மேல் இராது. எல்லாச் சீட்டுகளின் முதுகும் ஒன்றுபோல் இருப்பதால், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வந்து அமர்ந்தாலும் கண்ணால் அறிய இயலாது. இரண்டு சீட்டுகள் ஓரம் பிசகாமல் ஒட்டியிருந்தால், அவை இரண்டு என்று அவற்றைப் பிடித்திருக்கும் விரலுக்குத் தெரியுமே அன்றிப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. கண்ணைவிட விரல் நுட்பமானது என்ற இந்த ஒரு சத்தியத்தின்மேல்தான் சீட்டு வித்தை முழுவதும் நிற்கிறது.

முதற்பாடம் பிடிப்பு. கட்டை இடது உள்ளங்கையில் கிடத்தி, ஒரு நீள ஓரத்தில் கட்டைவிரலும், எதிர் ஓரத்தில் மூன்று விரல்களும், முன்முனையில் ஆள்காட்டி விரலும் பொருந்தும்படி ஏந்தவேண்டும். ஒருவர் தாம் உருவிய சீட்டை, உதாரணமாக ஆர்ட்டின் ஏழை, மனத்தில் பதித்துக்கொண்டு கட்டின் நடுவில் திருப்பி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேற்பாதி அதன்மேல் இறங்கும் கணத்தில், இடக்கைச் சுண்டுவிரல் தன் நுனிச் சதையை மட்டும் பின்மூலையில் நுழைத்து, நூலிழை அளவு இடைவெளியைக் காத்துக்கொள்கிறது. முன்னாலிருந்து பார்ப்போருக்குக் கட்டு செவ்வனே மூடியிருக்கும். ஆனால் ஐம்பத்திரண்டில் எது அவர் சீட்டு என்பது அந்தச் சுண்டுவிரலுக்குத் தெரியும். அந்த இடைவெளியிலே கட்டை வெட்டிக் கலைப்பதுபோல் போக்குக் காட்டி, ஆர்ட்டின் ஏழை மேலே கொண்டுவந்துவிடலாம். இரண்டாம் பாடம், மேலுள்ள இரு சீட்டுகளை ஒன்றேபோல் சேர்த்துப் புரட்டிக் காட்டுவது. அடியில் ஒட்டி வந்த சீட்டின் முகத்தைத்தான் பார்த்தவர், மேற்சீட்டைப் பார்த்துவிட்டதாகவே நம்புவார். மூன்றாவது, ஒரு சீட்டை உள்ளங்கைக் குழிவில் ஒளித்துக்கொள்வது. இதில் சீட்டை ஒளிப்பது எளிது. ஒளித்த கையைச் சும்மா இருக்கும் கைபோல் வைத்திருப்பதே அரிது. கற்றுக்குட்டியின் கட்டைவிரல் விறைத்து வெளியே துருத்திக்கொண்டு நின்று, உள்ளே பொருள் இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் தண்டோரா போடும்.

இவையெல்லாம் மின்னல் வேகத்தில் நடைபெறுகின்றன என்பது பொதுஜன நம்பிக்கை. உண்மை அதற்கு நேர்மாறானது. 1894ஆம் ஆண்டில் பிரெஞ்சு மனோதத்துவ அறிஞர் ஆல்பிரெட் பினே, தேர்ந்த ஜாலக்காரர்களைக் கொண்டு வித்தைகளைச் செய்யச் சொல்லி, ஒரே அசைவைத் தொடர்ச்சியான பல நிழற்படங்களாகப் பிடிக்கும் கருவியால் அவர்கள் கைகளைப் படமெடுத்து ஆராய்ந்தார். தனித்தனியே நின்ற அப்படங்களில், எந்தக் கையில் பொருள் இருக்கிறது என்பது ஒளிவுமறைவின்றித் தெரிந்தது. மாயம் மட்டும் எங்கும் காணப்படவில்லை. அப்படியாயின் மாயம் கையில் இல்லை; ஓர் அசைவையும் அடுத்த அசைவையும் இணைத்து, இடையில் உள்ளதைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும் நம் மனத்தில்தான் இருக்கிறது. வித்தைக்காரர் எங்கே பார்க்கிறாரோ அங்கே நாமும் பார்க்கிறோம். அவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டால், பதில் சொல்லும் கணத்தில் நம் அவதானம் அவர் கையை விட்டு விலகிவிடுகிறது. பெரிய அசைவு ஒன்று நடக்கும்போது அதனுள் நிகழும் சிறிய அசைவை நாம் பொருட்படுத்துவதில்லை. வேகமாக அசையும் கையைத்தான் நாம் சந்தேகிக்கிறோம். ஆகையால் திறமையுள்ளவர் கை வேகம் கொள்வதே இல்லை.

இந்த உண்மையை நூலாக வடித்தவர் யார் என்பதே ஒரு புதிர். எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் 1902இல் சிக்காகோ நகரில் ஒரு புத்தகம் வெளிவந்தது. சூதாட்ட மேசையிலும் வித்தை மேடையிலும் செய்யத்தக்க சீட்டுத் தந்திரங்களைப் படத்துடன் விளக்கிய அதை, இக்கலையினர் இன்றும் வேதம்போல் ஓதுகிறார்கள். அதை இளமையிலேயே மனப்பாடம் செய்தவர் கனடாவில் பிறந்த டாய் வெர்னன். எந்தச் சீட்டு வித்தையையும் மூன்று முறை செய்து காட்டினால் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமை பேசிய புகழ்பெற்ற ஜாலக்காரர் ஹூடினியை, 1922இல், கட்டின் நடுவே வைத்த சீட்டு மீண்டும் மீண்டும் மேலே வரும் ஒரே வித்தையால் அவர் திணற அடித்தார். அவர் வலியுறுத்திய கொள்கை ஒன்றே: சகஜமாக இரு. அவரோடு ஊர் சுற்றுவதற்காகப் பதினான்காம் வயதில் வீட்டை விட்டு வெளியேறிய பெர்சி டயாகோனிஸ் என்ற சிறுவன், பிற்காலத்தில் பெரும் கணித மேதையானார். கட்டை இரு பாதியாக்கி ஒன்றினுள் ஒன்று விழும்படி கலைப்பதை ஏழு முறை செய்தால்தான் சீட்டுகள் போதிய அளவு கலையும் என்று, டேவ் பேயர் என்பவருடன் சேர்ந்து 1992இல் அவர் நிறுவினார். ஆனால் மேற்சீட்டும் அடிச்சீட்டும் தம் இடத்திலேயே நிற்க, ஒரு பாதியிலிருந்து ஒன்று, மறு பாதியிலிருந்து ஒன்று என்று ஒரு சீட்டும் பிசகாமல் எட்டு முறை கோத்தால், ஐம்பத்திரண்டும் தொடங்கிய வரிசைக்கே திரும்பிவிடும். நம் கையின் பிசகுதான் சீட்டைக் கலைக்கிறது. பிசகாத கை, எவ்வளவு கலைத்தாலும் கலைக்காத கையே.

இத்தகைய கை சந்தையில் மூன்று சீட்டைப் பரப்பிப் பாமரர் பணத்தைப் பறிப்பதும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வித்தைக்காரர், ஏமாற்றப்போகிறேன் என்று முன்னரே சொல்லிவிட்டு ஏமாற்றுகிறார். மோசக்காரன் அதைச் சொல்வதில்லை. இங்கிலாந்தில் 1584இல் ரெஜினால்டு ஸ்காட் என்பவர், சூனியக்காரர் என்று பழி சுமத்தி எளியோரை வதைக்கும் கொடுமையைக் கண்டித்து எழுதிய நூலில், செப்படி வித்தைகளின் சூட்சுமங்களையும் விளக்கி, இவை பேயின் வேலை அல்ல, விரலின் வேலையே என்று காட்டினார். ஆகவே இக்கலையைச் சிறிது அறிந்துகொள்வது, ஏமாறாமல் இருப்பதற்கும், பிறரை வீணாகச் சந்தேகியாமல் இருப்பதற்கும் உதவும்.

இனி, கற்கும் முறை. எங்கள் ஊர் வெற்றிலைக்குப் பேர்போனது. வெற்றிலையைக் கவுளி கட்டுபவர், எதிரில் இருப்பவரோடு கல்யாணச் செய்தி பேசிக்கொண்டே, கட்டைவிரலால் இலைகளைத் தள்ளித் தள்ளி எண்ணி அடுக்குவதை அருகிருந்து கண்டிருக்கிறேன். அவர் கண் இலைமேல் இருப்பதே இல்லை, கணக்கும் தப்புவதில்லை. தொடக்கத்தில் ஒவ்வோர் அசைவுக்கும் அறிவு நின்று ஆணையிடுகிறது. நெடுநாள் அப்பியாசத்தால் அந்த ஆணை விரலிலேயே குடியேற, அறிவு பேசவும் சிரிக்கவும் ஓய்வு பெறுகிறது. ஆதலால் சீட்டு பழகுபவர் ஒரே யுக்தியை எடுத்துக்கொண்டு, மெதுவாக, நாள்தோறும் சிறிது நேரம் செய்வதே உத்தமம். முதலில் உண்மையாகவே கட்டைக் கலைத்துப் பார்த்து, பொய்யாகக் கலைக்கும்போதும் அதே தாளமும் அதே முகமும் இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும்.

கண்ணாடி முன் பழகுவது வழக்கம். நானும் முதுமையில் ஆசைப்பட்டு, இரண்டு மாதம் கண்ணாடி முன் உட்கார்ந்து, இரட்டைச் சீட்டுப் புரட்டலில் தேர்ந்துவிட்டதாகவே எண்ணியிருந்தேன். மகள் வயிற்றுப் பேத்தியிடம் காட்டியபோது அவள், “ஏனுங்க அப்பிச்சி, சீட்டைத் திருப்பறப்பெல்லாம் கண்ணைச் சிமிட்டிக்கிறீங்களே?” என்றாள். கண்ணாடி அதை எனக்குச் சொல்லவே இல்லை. சொல்லவும் முடியாது, தவறு நிகழும் கணத்தில் என் கண் மூடியிருந்தது. பிறரை ஏமாற்றக் கற்கும் முன் நான் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பழகுவோர் பலருக்கும் வரும் பிழையாம் இது.

மறுபடி முதலிலிருந்து தொடங்கி, இமையையும் விரலோடு சேர்த்துப் பழக்கினேன். அடுத்த ஆடி நோன்பிக்கு வந்திருந்தவளைத் திண்ணையில் எதிரே உட்கார வைத்து, சீட்டை உருவச் சொல்லி, நடுவில் வைக்கச் சொல்லி, படிப்பைப் பற்றி ஏதோ விசாரித்தபடி கட்டைக் கலைத்துக் கீழே வைத்தேன். சிறிது நேரம் கட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவள், பொறுமையிழந்து, “என்னுங்க அப்பிச்சி, இன்னும் ஆரம்பிக்கலீங்களா?” என்றாள். மேற்சீட்டைத் திருப்பிப் பார் என்று சொன்னேன்.