பாலத்தைக் காட்டினார்கள், பாட்டனைக் காட்டவில்லை



வகுப்பில் ஒருநாள் பிள்ளைகளிடம் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருந்தேன். ஒரு சிறுமி தன் பாட்டியின் தாத்தாவுக்கு உரிய கட்டத்தில் 'சயாம்' என்று எழுதி வந்தாள். "இது பேர் இல்லையே அம்மா, ஊராச்சே" என்றேன். "வீட்ல கேட்டேன் சார். பேரு தெரியல. சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க, திரும்பி வரலன்னு மட்டும் பாட்டி சொன்னாங்க" என்றாள்.

நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இப்படிப் பெயர் தொலைந்த குடும்பங்கள் எத்தனையோ! சிரம்பானிலும் பகாவிலும் தம்பினிலும் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், மரவள்ளிக் கிழங்குக்கு அடுத்தபடியாக வருவது சயாம்தான்.

அந்தச் சயாம் கதையைத் தேடிப் புறப்பட்ட ஒரு சிறு கூட்டத்தாரின் படத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். 'சயாம் பர்மா மரண ரயில்பாதை' என்னும் அந்தத் தமிழ் ஆவணப்படம் 2014-இல் வெளிவந்தது. இயக்கியவர் குறிஞ்சி வேந்தன். தயாரித்தது நாடோடிகள் கிரியேஷன்ஸ். ஆசியத் தொழிலாளர்களின் புதைந்த கண்ணீர் என்ற பொருளில் அதற்கு ஒரு துணைத் தலைப்பும் உண்டு. அதில் கதாநாயகன் கிடையாது, சண்டை கிடையாது. அந்தக் காட்டிலிருந்து உயிரோடு மீண்ட முதியவர்கள் தாங்கள் பட்டதைத் தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள்.

நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ரயில்பாதையை 1942-இல் ஜப்பானிய ராணுவம் போடத் தொடங்கியது. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. ஏறத்தாழ 60,000 போர்க் கைதிகள் அதில் வேலை செய்தார்கள். 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப்போல் மூன்று மடங்கினர். இவர்களில் மாண்டவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்றே மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்து, கூலி முகாம்களில் கொத்துக் கொத்தாக அள்ளிப் போயிற்று.

ஆனால் உலகம் பார்த்த படம் எது? 1957-இல் டேவிட் லீன் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. இலங்கையில் கித்துல்கல என்ற இடத்தில் பாலம் கட்டி எடுத்தார்கள். ஏழு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. அதற்கு மூலமான நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல், போருக்கு முன் நம் மலாயாவில் ரப்பர்த் தோட்ட வேலையில் இருந்தவர்! பால்மரம் வெட்டியவர்களைக் கண்ணால் கண்டவர். அப்படி இருந்தும், அந்தக் கதை வெள்ளைக்கார அதிகாரிகளின் கதையாகத்தான் அமைந்தது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. போர்க் கைதிகளிடையே மருத்துவர்களும் ஓவியர்களும் இருந்தார்கள். நாட்குறிப்பு எழுதி ஒளித்து வைத்தார்கள். ரொனால்ட் சேர்ல், ஜேக் சாக்கர் போன்ற ஓவியர்கள் கண்டதையெல்லாம் திருட்டுத்தனமாக வரைந்து காப்பாற்றினார்கள். காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கைதிகளின் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. நம்மவர்களுக்கோ ஒழுங்கான பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

தமிழில் ஆவணப்படத்துக்கு வழிகாட்டியவர் ஏ. கே. செட்டியார். 1937-இல் கப்பலில் போகும்போது, காந்தியடிகளைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சுமார் நூறு பேர் முப்பது ஆண்டுகளில் எடுத்திருந்த படச்சுருள்களை நாடு நாடாகத் தேடிச் சேர்த்தார். 1940-இல் தமிழில் வெளியிட்டார். அவருக்கு உழைப்பு மிகுதி என்றாலும், தேடிப் போனால் எடுப்பதற்குச் சுருள் இருந்தது. சயாம் காட்டில் நம் ஆட்களைப் படம் எடுக்க யார் இருந்தார்கள்? ஆகவே குறிஞ்சி வேந்தன் குழுவினருக்குக் கிடைத்த பெரிய செல்வம் கிழவர்களின் குரல்தான்.

இத்தகைய படத்தில் வேலை செய்பவர்களின் பொறுப்பு எவ்வளவு நுட்பமானது என்று சற்றே எண்ணிப் பாருங்கள். கேள்வி கேட்பவர் பெரியவரை அவசரப்படுத்தக் கூடாது. அவர் பேச முடியாமல் நிறுத்தினால் தாமும் மௌனமாக இருக்க வேண்டும். ஒளிப்பதிவாளர் அந்த நேரத்தில் கேமராவை அசைக்கக் கூடாது. ஒலியைக் கவனிப்பவர் நடுங்கும் குரலில் ஒரு சொல்லையும் தவறவிடக் கூடாது. படத்தைத் தொகுப்பவரோ, மணிக்கணக்கான பேச்சை வெட்டிக் குறைக்கும்போது சொன்னவரின் மனத்தையும் வெட்டிவிடக் கூடாது. இவர்களில் ஒருவர் பிசகினாலும் சாட்சி கெட்டுப்போகும்.

அன்பர்களே, 1943-இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று நூறைத் தாண்டியிருக்கும். நேரில் கண்டவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். ஆனால் அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, ஆளுக்கொரு பட்டணத்துக்குச் சிதறிய பிறகு, இந்தப் பேச்சும் சிதறிவிடும்.

உங்கள் கையில் கைப்பேசி இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். கைப்பேசியை மேசைமேல் அசையாமல் வையுங்கள். முதலில் பெயர், தோட்டம், கங்காணி யார் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். எந்த ஸ்டேஷனில் ரயில் ஏற்றினார்கள், கூடப் போனவர் யார், செய்தி யார் கொண்டு வந்தார்கள் என்று பிறகு கேளுங்கள். அழுதால் நிறுத்திவிடுங்கள், இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம். பதிவு செய்ததை இரண்டு இடங்களில் காப்பாற்றி வையுங்கள்.

அந்தச் சிறுமிக்கும் இதைத்தான் சொல்லி அனுப்பினேன். அவள் பாட்டிக்கு ஓர் அக்காள், எண்பது வயது, ரெம்பாவில் இருந்தார். பள்ளி விடுமுறையில் போய்க் கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மாளுக்குப் பெயர் தெரிந்திருந்தது; இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை, அவ்வளவுதான். பள்ளி திறந்த அன்று சிறுமி குடும்ப மரத்தை மறுபடி கொண்டு வந்தாள். 'சயாம்' என்பதை ரப்பரால் அழித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் முழுப் பெயரையும் அழகாக எழுதியிருந்தாள்.